தாயக்கட்டை இல்லாத வீட்டில் தாயம்: சுழலும் முள்ளை நம்பலாமா?

தாயம் ஆடக் கட்டம் வேண்டும், காய் வேண்டும், கட்டை வேண்டும். கட்டத்தைச் சுண்ணக்கட்டியாலோ கரித்துண்டாலோ திண்ணையில் கீறிக்கொள்ளலாம். காய்க்குக் கூழாங்கல், உடைந்த வளையல், குன்றிமணி என எது அகப்பட்டாலும் போதும். பித்தளையில் வார்த்த ஒரு சோடி தாயக்கட்டை மட்டும் எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. இருந்த வீட்டிலும் ஒன்று பரணில் கிடக்கும். மற்றொன்று எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

தமிழ்நாட்டின் பல ஊர்களைப் போலவே தருமபுரி மாவட்டத்திலும் இந்தக் குறையைத் தீர்ப்பது புளியங்கொட்டை. மாம்பழத்துக்கும் புளிக்கும் பேர்பெற்ற மாவட்டம் இது. மாசி, பங்குனியில் புளியை உலுக்கிக் கொண்டுவந்து, ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுக்கும் வேலை வீட்டு வாசலிலேயே நடக்கும். அப்படிக் குவிந்த கொட்டையில் நான்கை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தை மட்டும் கருங்கல்லில் தேய்த்து வெள்ளையாக்கினால் கட்டை தயார். இப்போது பள்ளிகளிலும் வீடுகளிலும் இன்னொரு மாற்றும் வந்திருக்கிறது. வட்டமாக வெட்டிய அட்டை, அதில் எண்கள், நடுவில் குண்டூசி, அதன்மேல் சுழலும் ஒரு முள். விரலால் சுண்டிவிட்டு, முள் எங்கே நிற்கிறதோ அந்த எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த முள், பித்தளைக் கட்டைக்கு நியாயமான மாற்றாகுமா? பிள்ளை விளையாட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று தோன்றலாம். ஆனால் நிகழ்தகவு என்னும் கணிதத் துறையே 17ஆம் நூற்றாண்டில் பகடை ஆட்டத்தைப் பற்றிய கேள்விகளிலிருந்துதான் வளர்ந்தது. அதே கேள்விகளை நம் திண்ணையிலிருந்தும் கேட்கலாம்; கேட்டால் தாயம் நமக்கு நிறையவே சொல்லித்தருகிறது.

முதலில் பித்தளைக் கட்டையைப் பார்ப்போம். அது நீள்வடிவம், நான்கு பக்கங்கள். அவற்றில் முறையே 1, 2, 3 புள்ளிகள் இருக்கும். ஒரு பக்கம் வெறுமை. இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டினால் 16 விதங்களில் விழலாம். ஒன்றில் வெறுமை, மற்றதில் ஒரு புள்ளி என்றால் தாயம். அதற்கு 2 வழிகள். இரண்டுக்கு 3 வழிகள், மூன்றுக்கு 4, நான்குக்கு 3, ஐந்துக்கு 2. ஆறு விழ ஒரே வழி, இரண்டிலும் மூன்று. இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு. அதற்கும் ஒரே வழிதான். கூட்டிப் பார்த்தால் 16 சரியாக வரும்.

ஆக, தாயத்தில் எண்கள் சமமாக விழுவதில்லை. சமமாக விழவும் கூடாது. மூன்று அடிக்கடி வரும், பன்னிரண்டு அரிதாக வரும். தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு. காயை இறக்கத் தாயம் வேண்டும் என்ற விதி அவ்வளவு ஏக்கத்தைக் கிளப்புவது இதனால்தான். சராசரியாக 8 உருட்டலுக்கு ஒருமுறை விழ வேண்டியது, முதல் 8 உருட்டலில் ஒருமுறைகூட விழாமல் போவதற்கு 34 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மூன்று பேர் ஆடினால் ஒருவராவது அப்படித் தவிக்க 70 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு உண்டு. அவருக்கு ராசி இல்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். கணக்குப்படி அது எதிர்பார்க்க வேண்டிய ஒன்றே.

தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது பரவலான விதி. 16இல் 6 வழிகள் இப்படி மறு உருட்டல் தருகின்றன. அதனால் ஒருவருடைய முறைக்குச் சராசரியாக 1.6 உருட்டல் கிடைக்கிறது. ஓர் உருட்டலின் சராசரி மதிப்பு 3.75. இரண்டையும் பெருக்கினால், ஒரு முறைக்குச் சராசரியாக 6 கட்டங்கள் நகரலாம். தொடர்ந்து மூன்று முறை ஒரே எண் விழுந்தால் செல்லாது என்பதுபோன்ற வீட்டு விதிகளை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்கள் யாரென்று வரலாறு பெயர் சொல்லவில்லை. ஆனால் கட்டத்தின் நீளம், எதிராளியின் காயை வெட்டுதல், வெட்டுப்படாமல் ஒதுங்கும் மலை, மறு உருட்டல் எல்லாம் இந்த 6 கட்ட வேகத்தில்தான் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன.

இப்போது அட்டைக்கு வருவோம். 1, 2, 3, 4, 5, 6, 12 என எண்கள் ஏழு. ஆகவே வட்டத்தை ஏழாகப் பிரித்து எண்ணுக்கொரு பங்கு கொடுத்துவிடுவது இயல்பாகத் தோன்றும். பார்வைக்கு இதைவிட நியாயம் இல்லை. ஆனால் ஆட்டம் இதில் உடைந்துவிடும். மறு உருட்டல் தரும் எண்கள் ஏழில் நான்கு ஆகிவிடுவதால் ஒரு முறைக்குச் சராசரியாக 2.33 சுழற்சி கிடைக்கும். ஒரு சுழற்சியின் சராசரி 4.71 ஆக ஏறும். பெருக்கினால் ஒரு முறைக்கு 11 கட்டங்கள். 6 கட்டங்களில் போக வேண்டிய காய் 11 கட்டங்கள் பாய்கிறது. எதிராளியின் முறை வருவதற்குள் காய் வெகுதூரம் போய்விடும். துரத்தி வெட்டுவதற்கும், மலையில் ஒதுங்கிக் காத்திருப்பதற்கும் பொருளே இருக்காது.

சரியான பிரிப்பு 16. அதற்குப் பாகைமானியும் வேண்டாம். வட்டமான காகிதத்தை நான்கு முறை அடுத்தடுத்துப் பாதியாக மடித்துப் பிரித்தால் 16 சமமான பங்குகள், ஒவ்வொன்றும் 22.5 பாகை. அவற்றில் மூன்றுக்கு 4 பங்கு, இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று, தாயத்துக்கும் ஐந்துக்கும் இரண்டிரண்டு, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்று. ஒரே எண்ணின் பங்குகளை அடுத்தடுத்து வைக்காமல் சிதறி வைக்க வேண்டும். நான் பரிந்துரைக்கும் வரிசை இது: 3, 1, 4, 2, 3, 5, 2, 12, 3, 1, 4, 2, 3, 5, 4, 6. இதில் இரண்டு தாயங்களும் நேரெதிரே இருக்கும், இரண்டு ஐந்துகளும் அப்படியே, பன்னிரண்டுக்கு எதிரே ஆறு. நான்கு மூன்றுகளும் நான்கு திசையில் நிற்கும். முள் ஒரு பக்கமாகச் சற்றுச் சாய்ந்தால்கூட, அந்தப் பக்கத்தில் கூடும் வாய்ப்பு எதிர்ப்பக்கத்தில் குறைவதால் தாயத்துக்கும் ஐந்துக்கும் மூன்றுக்கும் பெரும்பாலும் ஈடாகிவிடும்.

புளியங்கொட்டையும் இந்த 16ஐத் தர முடியும் என்பது பலர் யோசிக்காத ஒன்று. வழக்கமான முறையில் வெள்ளை விழுந்த கொட்டைகளை எண்ணுவார்கள். ஒரு வெள்ளை என்றால் தாயம், நான்கும் வெள்ளை என்றால் நான்கு, நான்கும் கறுப்பு என்றால் எட்டு. கொட்டை இரு பக்கமும் சமமாக விழுந்தால் தாயத்துக்கு நான்கில் ஒரு வாய்ப்பு. பித்தளைக் கட்டையைவிட இரு மடங்கு. எனவே கொட்டைத் தாயமும் கட்டைத் தாயமும் பெயரில் ஒன்றானாலும் வேகத்தில் வேறு. கட்டைத் தாயத்தையே கொட்டையில் ஆட வேண்டுமானால் இரண்டு கொட்டையின் வெள்ளைக்கு மதிப்பு 1, மற்ற இரண்டின் வெள்ளைக்கு மதிப்பு 2 என்று வைத்துக்கொள்ளலாம்; 2 மதிப்புள்ளவற்றில் ஒரு கீறல் போட்டால் அடையாளம் தெரியும். 1 மதிப்புள்ள ஒன்றும் 2 மதிப்புள்ள ஒன்றும் சேர்ந்தால் 0, 1, 2, 3 என்ற நான்கும் சமமாக வரும். அந்தச் சோடிதான் ஒரு கட்டை. நான்கு கொட்டையைக் குலுக்கிப் போட்டால் இரண்டு கட்டையை உருட்டியது போலத்தான்.

ஆனால் கொட்டையின் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தேய்த்த பக்கம் தட்டை, தேய்க்காத பக்கம் புடைப்பு. எவ்வளவு தேய்த்தோம், கொட்டை எவ்வளவு தடிமன், தரை சாணி மெழுகியதா சிமென்டா என்பதையெல்லாம் பொறுத்து ஒரு பக்கம் கூடுதலாக விழும். வெள்ளை விழ 50க்குப் பதில் 40 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். பெரிய வேறுபாடாகத் தெரியாது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆனால் நான்கும் கறுப்பாக விழும் வாய்ப்பு 6.25 சதவீதத்திலிருந்து 12.96ஆக உயர்ந்துவிடும். நான்கும் வெள்ளையாக விழுவது 6.25லிருந்து 2.56ஆகச் சரிந்துவிடும். ஒவ்வொரு கொட்டையிலும் உள்ள சிறு கோணல் நான்கு முறை பெருகி, விளையாட்டின் அரிய எண்களிலேயே போய்ச் சேர்கிறது. அரிய எண்கள்தான் ஆட்டத்தின் போக்கைத் திருப்புபவை.

தொழிற்சாலையில் செய்த பகடையிலும் இது உண்டு. இங்கிலாந்தின் உயிரியலாளர் வெல்டன் 1894இல் 12 பகடைகளைச் சேர்த்து 26,306 முறை உருட்டிய கணக்கை எழுதிவைத்தார். மொத்தம் 3,15,672 பகடை முகங்கள். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33.33 சதவீதம் வர வேண்டிய ஐந்தும் ஆறும் 33.77 சதவீதம் வந்தன. இந்தச் சிறு மிகுதி தற்செயலா, பகடையின் குறையா என்று முடிவுசெய்ய ஒரு வழி தேவைப்பட்டது. 1900இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் கைவர்க்கச் சோதனையை வெளியிட்டபோது எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது வெல்டனின் பகடைகளைத்தான். முடிவு, பகடை கோணல். புள்ளிகளைக் குடைந்து செய்யும்போது ஐந்து, ஆறு உள்ள முகங்களில் கூடுதல் பொருள் போய்விடுகிறது. இலேசான முகம் மேலே வரச் சற்று அதிக வாய்ப்பு. நூற்றுக்கு அரை பங்குகூட இல்லாத அந்தக் குறையைக் காட்ட மூன்று இலட்சம் முகங்கள் தேவைப்பட்டன என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். திண்ணை ஆட்டத்துக்கு அவ்வளவு துல்லியம் வேண்டியதில்லை. கொட்டையின் 10 சதவீதக் கோணல் மட்டும் நம்மைக் கவலைப்படுத்த வேண்டும்.

பித்தளைத் தாயக்கட்டை உண்மையில் சுழலும் பொருள்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. கனசதுரப் பகடை எந்தப் பக்கமாகவும் புரளும். நீளக் கட்டைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அது தன் நீள அச்சைச் சுற்றி மட்டுமே உருளும். உள்ளங்கைகளுக்கிடையில் தேய்த்துத் தரையில் விடும்போது அது செய்வது அட்டையில் முள் செய்யும் அதே வேலை. ஆகவே தாயத்துக்குச் சுழலும் முள் அந்நியமான மாற்று அல்ல. நீளப் பகடை சிந்துவெளியிலேயே புழங்கியது. மொகஞ்சதாரோவில் கனசதுரப் பகடைகளோடு அவையும் கிடைத்திருக்கின்றன. கீழடியிலும் ஆட்டக்காய்களும் பகடையும் கிடைத்திருக்கின்றன. சுழலும் வகைக்கும் நீண்ட வரலாறு உண்டு. பக்கங்களில் எண்ணோ எழுத்தோ உள்ள சிறு பம்பரங்கள் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் புழக்கத்தில் இருந்தன. யூதர்களின் அனுக்கா திருவிழாவில் நான்கு பக்கப் பம்பரம் இன்றும் சுழல்கிறது. அமெரிக்காவில் மில்டன் பிராட்லி 1860இல் வெளியிட்ட வாழ்க்கை விளையாட்டில் பகடை இல்லை, ஆறு பக்கப் பம்பரம்தான் இருந்தது. பகடை என்றாலே சூது என்று கருதிய குடும்பத்தினர் அதை வீட்டுக்குள் விட மாட்டார்கள் என்பது அதற்குக் காரணம்.

சுழலும் பொருள் ஏன் நியாயமாக நிற்கிறது? பிரெஞ்சுக் கணிதர் ஆன்ரி புவான்கரே சூதாட்டச் சக்கரத்தை வைத்து இதை விளக்கினார். சுண்டும் விரலின் வேகம் ஒவ்வொரு முறையும் சற்று மாறும். சக்கரம் பல முறை சுற்றினால் அந்தச் சிறு மாற்றம் பெருகிப் பல பங்குகளைத் தாண்டிப் பரவும். அப்போது விரலின் பழக்கம் என்னவாக இருந்தாலும் எல்லாப் பங்குகளும் ஏறக்குறைய சம வாய்ப்புப் பெறும். முக்கியமான சொல் 'பல முறை' என்பது. உராய்வு மாறாத ஒரு முள்ளில், சுற்றும் கோணம் தொடக்க வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் 5 சதவீதம் கூடக்குறைய இருந்தால் சுற்று 10 சதவீதம் கூடும், குறையும். முள் 2 சுற்றில் நின்றுவிடுமானால் அந்த 10 சதவீதம் என்பது முன்னும் பின்னும் 72 பாகைதான். பழகிய விரல், பன்னிரண்டு இருக்கும் பக்கமாக அதைக் கொண்டுபோய் நிறுத்திவிடும். 20 சுற்று சுற்றினால் அதே 10 சதவீதம் முன்னும் பின்னும் இரண்டு முழுச் சுற்று. எவ்வளவு தேர்ந்த விரலும் அங்கே தோற்றுப்போகும். என் கணிப்பில், 10 சுற்றுக்குக் குறைந்தால் அந்தச் சுழற்சி செல்லாது என்ற விதி இல்லாமல் முள் அட்டையை வைத்து ஆடக் கூடாது.

வீட்டில் செய்த முள்களில் பெரும்பாலானவை இங்கேதான் தவறுகின்றன. குண்டூசியில் குத்திய அட்டை முள், அட்டையோடு உரசி இரண்டு சுற்றில் நின்றுவிடும். முள்ளுக்கும் அட்டைக்கும் இடையில் ஒரு கண்ணாடி மணியைக் கோத்தால் உரசல் குறையும். அதைவிட நல்ல வழி, சில ஆண்டுகளுக்கு முன் எல்லாப் பிள்ளைகள் கையிலும் சுழன்ற ஃபிட்ஜெட் ஸ்பின்னர். 2017இல் உலகெங்கும் பரவிய அந்த விளையாட்டுப் பொருளின் நடுவில் நல்ல பேரிங் இருக்கிறது. ஒரு சுண்டலுக்கு நூற்றுக்கணக்கான சுற்று சுற்றும். பல வீடுகளில் இழுப்பறையில் கிடக்கும் அதன் ஒரு கையில் வண்ணம் பூசி, அட்டையின் நடுவில் ஒட்டினால் முள் ஆயிற்று.

ஆனால் உராய்வு குறையக் குறைய இன்னொரு குறை பெரிதாகும். ஒரு கை மற்றவற்றைவிடக் கனமாக இருந்து, தரையும் சாய்வாக இருந்தால், நிற்கப்போகும் நேரத்தில் கனமான கை பள்ளத்தை நோக்கி இறங்கும். அட்டை முள்ளில் உரசல் இதைத் தடுத்துவிடும், பேரிங் தடுக்காது. முள் எல்லாப் பக்கமும் சம எடையாக இருந்தால் தரை சாய்ந்திருந்தாலும் பாதகமில்லை. சோதிப்பது எளிது. அட்டையைச் சுவரில் சாய்ப்பதுபோல் செங்குத்தாகப் பிடித்து முள்ளை மெல்லச் சுற்றிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே கை கீழே வந்து நின்றால் எதிர்ப்பக்கத்தில் துளி மெழுகு ஒட்டி எடையைச் சரிசெய்ய வேண்டும். வெவ்வேறு இடத்தில் நிற்கும்வரை இதைத் தொடரலாம்.

பம்பர வகை இன்னும் எளிது. சதுரமாக வெட்டிய தடித்த அட்டையின் நடுவில் தீக்குச்சியைச் செருகி, பக்கங்களில் 0, 1, 2, 3 எழுதி, சாய்ந்து தரையைத் தொடும் பக்கத்தை எண்ணாகக் கொள்ளலாம். இரண்டு பம்பரம் இரண்டு கட்டைக்குச் சமம். 16 பங்கு வரையவே வேண்டியதில்லை. பக்கங்களின் நீளமும், குச்சி நடுவில் இருப்பதும் மட்டும் துல்லியமாக அமைய வேண்டும். மூலைவிட்டங்களை மடித்து, மடிப்புகள் வெட்டும் புள்ளியில் துளையிட்டால் நடுவைப் பற்றிக் கவலையில்லை. அட்டையின் விளிம்பு தேய்ந்து மழுங்கியதும் புதிதாக வெட்டிக்கொள்ள வேண்டும்.

கருவி சரியாக இருந்தால் போதுமா? போதாது, உருட்டும் கையும் நேர்மையாக இருக்க வேண்டும். தருமபுரி மாவட்டக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதம் படிப்பதும் இரவில் தெருக்கூத்து ஆடுவதும் இன்றும் வழக்கம். சூதாட்டமும் துகிலுரிதலும் ஆடும் இரவுக்குக் கூட்டம் சேரும். அந்தக் கதையை நிகழ்தகவின் கண்ணால் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. பணயம் வைத்தவன் துரியோதனன், உருட்டியவன் சகுனி. ஒருவருக்காக இன்னொருவர், அதுவும் தேர்ந்தவர், தன் பழக்கமான கவறுகளால் உருட்டுவதை அவை ஏற்றுக்கொண்டபோதே ஆட்டம் முடிந்துவிட்டது. அந்தக் கவறு சமமாக விழுந்ததா என்பது அதற்குப் பிறகான கேள்வி. அதே பாரதத்துக்குள் வரும் நளன் கதையில் எதிர்த்துருவம் ஒன்றும் இருக்கிறது. நளன் தேரோட்டும் மன்னன் இருதுபன்னன், தான்றி மரத்தைத் தேரில் இருந்தபடியே பார்த்து அதன் காயும் இலையும் இத்தனை என்று சொல்கிறான். நளன் எண்ணிச் சரிபார்க்கிறான். பிறகு கவறின் கலையைக் கற்றுக்கொள்கிறான். பழங்கால இந்தியாவில் கவறாக உருட்டப்பட்டதும் தான்றிக்காய்தான். எண்ணுவதையும் சூதாடுவதையும் இந்தக் கதை ஒரே அறிவின் இரு முகங்களாக வைத்திருப்பதை மெய்யியலாளர் இயான் ஆக்கிங், நிகழ்தகவின் தோற்றம் பற்றிய தன் 1975ஆம் ஆண்டு நூலில் கவனித்து எழுதினார். நம் கூத்து மேடையில் ஆடும் கதையை அவர் இடத்தில் நின்று ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

நடைமுறை நியாயத்துக்குத் தமிழகத்தில் கிடைக்கும் தலைசிறந்த சான்று உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழ 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டது. ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் தெரிவுசெய்யும் குடவோலை முறையை அது விவரிக்கிறது. குடும்பு எனப்பட்ட 30 பகுதிகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகள் வரும். கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது தெரியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, உரக்கப் படிக்க வேண்டும். எடுப்பவனுக்கு விருப்பம் கிடையாது, வாங்குபவர் கையில் மறைத்துவைத்த ஓலை கிடையாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், கருவியை நம்பாமல் முறையை நம்பியவர்கள் எழுதிய விதிகள் இவை. தாய அட்டைக்கும் இவை அப்படியே பொருந்தும். சுண்டுபவர் ஒருவர், எண்ணைப் படிப்பவர் எதிராளி. முள் கோட்டின்மேல் நின்றால் பேச்சே இல்லாமல் மறுபடி சுழற்ற வேண்டும்.

கருவியும் கையும் இரண்டுமே நேர்மையாக இருந்தும் ஆட்டம் நியாயமற்றதாக இருக்க முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் ஒளிந்து நடக்கும் லங்கர் கட்டை அப்படிப்பட்டது. ஆறு படங்கள் உள்ள கட்டைகளைக் குலுக்கிக் கவிழ்ப்பார்கள். நீங்கள் பணம் வைத்த படம் எத்தனை கட்டையில் விழுகிறதோ அத்தனை மடங்கு கிடைக்கும். மூன்று கட்டை என்று கொண்டால் 216 விதங்களில் 125இல் உங்கள் பணம் போகும். 75இல் ஒரு மடங்கும், 15இல் இரு மடங்கும், ஒன்றில் மூன்று மடங்கும் வரும். கூட்டிக் கழித்தால் 216க்கு 17 நட்டம். வைக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 7 ரூபாய் 87 காசு நடத்துபவர் கைக்குப் போகிறது. இதற்குக் கட்டையில் எந்தத் தில்லுமுல்லும் தேவையில்லை. கூலிக்காசைக் கொண்டுபோய் அங்கே வைப்பவர்கள் கட்டையை உற்றுப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது விதியை. ஒன்பதாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்தில் நாணயத்துக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கையும் சொல்லிக்கொடுத்தால் பல குடும்பங்களுக்கு நன்மை என்று உறுதியாக நம்புகிறேன்.

தாயத்தில் அந்தக் குறை இல்லை. எல்லோருக்கும் ஒரே விதி, ஒரே கட்டை. கோணல் கொட்டையாக இருந்தாலும் அது எல்லோருக்கும் ஒரே கோணல். அந்த அளவில் நியாயம் கெடுவதில்லை. ஆட்டத்தின் சுவைதான் மாறுகிறது. கோணலை ஒருவர் மட்டும் அறிந்திருந்து, அதற்கேற்பக் காயை நகர்த்தும்போது நியாயம் கெடுகிறது. ஆகவே கருவியை எல்லோர் முன்னிலையிலும் சோதித்துவிடுவது நல்லது.

சோதனை இப்படி. முள்ளை 160 முறை சுழற்றிக் கணக்கு எழுத வேண்டும். ஆறு பேர் உள்ள வீட்டில் ஒரு மாலைப் பொழுது போதும். வகுப்பறையில் இன்னும் விரைவாக முடியும். எதிர்பார்க்க வேண்டியது தாயம் 20, இரண்டு 30, மூன்று 40, நான்கு 30, ஐந்து 20, ஆறு 10, பன்னிரண்டு 10. யாருக்கும் அச்சாக இப்படி வராது. வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பியர்சனின் கைவர்க்கச் சோதனைப்படி, ஒவ்வொரு எண்ணுக்கும் வந்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாட்டை இருமடியாக்கி, எதிர்பார்த்ததால் வகுத்து, ஏழையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 12.59ஐத் தாண்டாவிட்டால் முள்ளைக் குறை சொல்லக் காரணமில்லை. நேர்மையான முள்ளும் நூற்றில் ஐந்து முறை இந்த எல்லையைத் தாண்டும் என்பதால், தாண்டினால் உடனே தூக்கியெறியாமல் இன்னொரு 160 சுழற்றிப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, தாயம் 26, இரண்டு 33, மூன்று 31, நான்கு 27, ஐந்து 22, ஆறு 11, பன்னிரண்டு 10 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மூன்று 9 குறைந்திருப்பதும் தாயம் 6 கூடியிருப்பதும் கண்ணை உறுத்தும். கணக்குப் போட்டால் 4.7தான் வருகிறது, முள்ளில் பிழை காண இடமில்லை. ஏழு சமப் பங்கு போட்ட அட்டையோ இதே சோதனையில் சராசரியாக 52ஐ ஒட்டி நிற்கும்.

சோதனையில் தோற்ற கருவியையும் பயன்படுத்த வழி இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள நம் பிள்ளைகள் ஆடும் ஒத்தையா ரெட்டையா போதும். இரண்டு பேர் கைக்குள் புளியங்கொட்டையை மறைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் விரித்துக் கூட்டிப் பார்ப்பதில் ஒருவர் மட்டும் முடிவைத் திருப்ப முடியாது. அதே கூட்டல் கோணலையும் கரைக்கும். வெள்ளை 40 சதவீதம் மட்டுமே விழும் கொட்டை ஒன்றைத் தனியாகப் போட்டால் கோணல் 10 சதவீதம். அப்படிப்பட்ட இரண்டைப் போட்டு, விழுந்த வெள்ளை ஒத்தையா ரெட்டையா என்று பார்த்தால் ரெட்டை வர 52 சதவீதம். மூன்று போட்டால் 50.4. நான்கு போட்டால் 50.08. ஆகக் கோணல் கொட்டைகளைக் கொண்டே கட்டைத் தாயம் ஆட விரும்புபவர்கள் ஒரு கொட்டை இருந்த இடத்தில் மூன்றை வைத்து, வெள்ளை ஒத்தை என்றால் வெள்ளை, ரெட்டை என்றால் கறுப்பு என்று கொள்ளலாம். 12 கொட்டை, நான்கு நிறக் கோடுகள், மும்மூன்றாக. புளி உடைக்கும் பருவத்தில் கொட்டைக்கா பஞ்சம்? கணிதர் ஜான் வான் நாய்மன் 1951இல் சொன்ன வழி இன்னும் கறாரானது. ஒரே கொட்டையை இருமுறை போட்டு, முதலில் வெள்ளையும் பிறகு கறுப்பும் வந்தால் ஒரு முடிவு, மாறி வந்தால் மற்ற முடிவு, இரண்டும் ஒன்றாக வந்தால் கணக்கில் சேர்க்காமல் மறுபடி போட வேண்டும். கோணல் எவ்வளவு இருந்தாலும் இந்த முறையில் இரண்டு முடிவுக்கும் வாய்ப்புச் சரிபாதி. ஆனால் 40 சதவீதக் கொட்டையில் ஒரு முடிவுக்கே சராசரியாக நான்கு முறைக்குமேல் போட வேண்டியிருக்கும். அவ்வளவு பொறுமையோடு யாரும் தாயம் ஆட மாட்டார்கள்.

வேகமாகவும் நியாயமாகவும் ஆட வேண்டுமானால் 16 பங்கு அட்டையும், எடை சரிபார்த்த பேரிங் முள்ளும், பத்துச் சுற்று விதியும்தான் என் தேர்வு. அந்த அட்டையில் ஒன்றை மட்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றுங்கள். அடியில் இருக்கும் எண் வட்டத்தை ஒட்டாமல் வைத்து, ஒவ்வோர் ஆட்டத்தின் தொடக்கத்திலும் கடைசியாகத் தோற்றவர் அதைத் தான் விரும்பிய அளவு திருப்பி வைக்கட்டும். முள் எந்தப் பக்கமாக ஒதுங்கினாலும் அந்தப் பக்கத்தில் எந்த எண் இருக்கும் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.